உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும்: குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை குறித்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவை பிறவியிலேயே காணப்படும் குறைபாடுகள். உலக அளவில் ஏறத்தாழ 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறைபாட்டுடன் பிறக்கிறது. உரிய வயதில் அறுவைச் சிகிச்சை செய்து, அதன்பின் தொடர் கண்காணிப்பிலும் இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் மற்ற குழந்தைகளைப் போலவே உண்ணவும் பேசவும் பள்ளியில் படிக்கவும் இயலும்.

பிறந்த குழந்தையின் முகத்தை முதன்முதலில் காணும் பெற்றோர் அதிர்ச்சி அடைவது இயல்பே. அந்த நேரத்தில் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, இது குணப்படுத்தக்கூடியது. இரண்டு, இது தாயின் தவறன்று. மூன்று, முதல் சில மாதங்களில் பெற்றோர் ஆற்ற வேண்டிய முதன்மையான பணி குழந்தையின் எடையைக் கூட்டுவதே ஆகும். அன்னூர் வட்டாரத்தில் வசிக்கும் குடும்பங்கள் எங்கே, எப்போது சிகிச்சை பெறலாம் என்பதும் இப்பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளது.

பிளவு எவ்வாறு ஏற்படுகிறது?

கருவில் முகம் பல தனித்தனி மடிப்புகளாகத் தோன்றி, பின்னர் ஒன்றோடொன்று இணைகிறது. கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள் மேலுதடும், 6 முதல் 9 வாரங்களுக்குள் அண்ணம் எனப்படும் மேல்வாயும் உருவாகின்றன. இந்த இணைப்பு முழுமை பெறாதபோது அவ்விடத்தில் இடைவெளி நின்றுவிடுகிறது. தாய்க்குத் தான் கருவுற்றிருப்பது உறுதியாகும் காலத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்து முடிந்திருக்கக்கூடும்.

பிளவு பல வகைப்படும்.

- உதட்டில் சிறு வெட்டுப்போல மட்டும் இருப்பது.
- உதட்டிலிருந்து மூக்குத் துளை வரையிலும், பல் முளைக்கும் ஈறு வரையிலும் நீள்வது. இது ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ இருக்கலாம்.
- உதடு நலமாக இருந்து, அண்ணம் மட்டும் பிளந்திருப்பது.
- உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்திருப்பது.
- அண்ணத்தின் மேல்தோல் மூடியிருந்தும் உள்ளே தசை இணையாதிருப்பது. இக்குழந்தைகளின் உள்நாக்கு சில வேளைகளில் இரண்டாகப் பிளந்து காணப்படும்.

காரணங்கள் யாவை?

பெரும்பாலான குழந்தைகளில் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலாது. மரபணுக்களும் கருவுற்ற தொடக்க வாரங்களின் சூழலும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. புகைபிடித்தல், பிறர் விடும் புகையைச் சுவாசித்தல், மது, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், சத்துக் குறைபாடு ஆகியவை வாய்ப்பை அதிகரிக்கின்றன. தாய்மாமனையோ, அத்தை மகன், மாமன் மகன் முறையினரையோ மணந்த தம்பதியரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் ஏற்படும் வாய்ப்பு பொதுவாகச் சற்று அதிகம். எனினும் சொந்தத்தில் திருமணம் செய்யாதவர்களின் குழந்தைகளுக்கும் பிளவு ஏற்படுகிறது.

கிரகண நேரத்தில் கருவுற்ற பெண் வெளியே வந்ததாலோ, காய்கறி நறுக்கியதாலோ உதடு பிளந்துவிடும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் இன்றும் உண்டு. இதற்கு எவ்வித அறிவியல் அடிப்படையும் இல்லை. கிரகணம் தென்படாத காலங்களிலும் இடங்களிலும் இக்குழந்தைகள் பிறக்கின்றனர். இந்நம்பிக்கையினால் நேரும் உண்மையான தீங்கு, பிரசவித்த தாயின்மீது பழி சுமத்தப்படுவதே ஆகும். மனம் உடைந்த தாய்க்குப் பால் சுரப்பு குறைகிறது. குழந்தையின் எடை குறைகிறது. அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகிறது. ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள், குறிப்பாகக் கணவரும் மாமியாரும், தாய்க்குத் துணை நிற்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எப்போது கண்டறியலாம்?

கருவுற்ற 18 முதல் 22 வாரங்களில் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையில் உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் காண இயலும். அண்ணப் பிளவு மட்டும் இருந்தால் ஸ்கேனில் தெரிவது அரிது. எனவே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் வாயையும் வெளிச்சத்தில் திறந்து, நாக்கை மெல்ல அழுத்தி, மேல்வாயைப் பின்பகுதி வரை பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் மெல்லண்ணப் பிளவு தவறிப்போகக்கூடும். உதடு நன்றாக இருக்கும் குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் மூக்கு வழியே பால் வந்தாலோ, நீண்ட நேரம் சப்பியும் எடை கூடாவிட்டாலோ, அண்ணத்தை மீண்டும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

பிளவுள்ள குழந்தைக்கு இதயம், சிறுநீரகம், கண், காது ஆகியவற்றிலும் குறை உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். கீழ்த்தாடை மிகச் சிறியதாகவும் அண்ணம் பிளந்தும் இருந்தால், நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். இத்தகைய குழந்தையை மல்லாந்து படுக்கவைப்பது ஆபத்தானது. மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே வைத்திருக்க வேண்டும்.

பாலூட்டுதல்: முதல் மூன்று மாதங்களின் முதன்மைப் பணி

உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாயின் மார்பிலேயே குடிக்க இயலும். பிளவுள்ள இடத்தை மார்பகத்தாலோ தாயின் கட்டைவிரலாலோ மூடிக்கொண்டால் போதும். அண்ணம் பிளந்த குழந்தையால் வாய்க்குள் உறிஞ்சு விசையை உண்டாக்க இயலாது. அது மார்பில் சப்பிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனால் போதிய பால் உள்ளே செல்லாது. களைத்து உறங்கிவிடும். பால் குடித்துவிட்டது என்று வீட்டார் எண்ணிவிடுவர். எடை குறைவதற்கு இதுவே முதற்காரணம்.

இக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைக் கறந்து பாலாடை அல்லது சங்கு மூலம் புகட்டுவதே நம் வீடுகளுக்கு ஏற்ற எளிய முறை.

- குழந்தையின் தலை உயர்ந்து, உடல் ஏறத்தாழ நிமிர்ந்து இருக்கும்படி மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்துப் புகட்டக் கூடாது.
- சங்கின் நுனியைப் பிளவில்லாத பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் வைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குழந்தை விழுங்கிய பின்னரே அடுத்த வாய் தர வேண்டும்.
- இக்குழந்தைகள் காற்றையும் சேர்த்து விழுங்கும். இடையிடையே தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.
- ஒரு வேளைப் பாலூட்டலை 30 நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நீடித்தால் உண்ட சக்தியைக் குழந்தை உழைப்பிலேயே செலவிட்டுவிடும். நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை புகட்டுங்கள்.
- மூக்கு வழியே சிறிது பால் வருவது இயல்பு. அஞ்சி நிறுத்திவிட வேண்டாம். இருமலோ நீலம் பாய்தலோ தோன்றினால் உடனே நிறுத்தி, குழந்தையைச் சாய்த்துப் பிடியுங்கள்.
- பாலூட்டிய பின் சுத்தமான ஈரத் துணியால் பிளவின் ஓரங்களை மெல்லத் துடையுங்கள்.
- பாலாடையையும் சங்கையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் இடுங்கள்.

சேனை வைத்தல், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு ஆகியவற்றைத் தவிர்க்கவும். அண்ணம் பிளந்த குழந்தைக்கு இவை எளிதில் மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கும்.

நன்கு பால் குடிக்கும் குழந்தை முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடும். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்குச் செல்லும்போதெல்லாம் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். அதற்கு முன்னரும் வாரம் ஒருமுறை கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ எடை பார்ப்பது நல்லது. இரண்டு வாரங்களாக எடை ஏறவில்லை எனில் காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரை அணுகுங்கள்.

எந்த வயதில் எந்தச் சிகிச்சை?

- பிறந்த முதல் வாரங்கள்: பாலூட்டல் பயிற்சி, முழு உடல் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை. பிளவு அகலமாக இருந்தால் ஈறையும் மூக்கையும் சீராக்கும் அச்சுத் தகடு பொருத்தப்படலாம்.
- 3 முதல் 6 மாதம்: உதட்டுப் பிளவு அறுவைச் சிகிச்சை.
- 9 முதல் 18 மாதம்: அண்ணப் பிளவு அறுவைச் சிகிச்சை.
- 18 மாதத்திற்குப் பின்: பேச்சு மதிப்பீடும் பயிற்சியும், காது பரிசோதனை.
- 4 முதல் 6 வயது: மூக்கொலிப் பேச்சு நீடித்தால் அதற்கான இரண்டாம் அறுவைச் சிகிச்சை, பள்ளியில் சேரும் முன் தேவைப்பட்டால் உதடு, மூக்குத் திருத்தம்.
- 8 முதல் 11 வயது: ஈறுப் பிளவு இருந்தால், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பு எடுத்து அவ்விடத்தில் வைத்தல். கோரைப் பல் முளைப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.
- முக வளர்ச்சி முடிந்த பின், ஏறத்தாழ 16 முதல் 18 வயதில்: தேவைப்படுவோருக்குத் தாடை, மூக்கு அறுவைச் சிகிச்சை.

எல்லாக் குழந்தைகளுக்கும் இவையனைத்தும் தேவைப்படுவதில்லை. உதட்டில் மட்டும் சிறு பிளவுள்ள குழந்தைக்கு ஒரே அறுவைச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்

உதட்டுப் பிளவு அறுவைச் சிகிச்சைக்கு உலகெங்கும் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் எளிய அளவுகோல் ‘பத்து விதி’ எனப்படும்: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோகிராம்), இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம். மயக்க மருந்தைப் பாதுகாப்பாகத் தாங்குவதற்கான குறைந்தபட்ச நிலை இது. பிறந்த உடனேயே உதட்டைத் தைத்துவிட வேண்டும் என வற்புறுத்துவதும், ‘நன்றாக வளரட்டும்’ என ஆண்டுக்கணக்கில் ஒத்திவைப்பதும் சரியல்ல.

அண்ண அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், முட்டை, மசித்த கீரை ஆகியவற்றைத் தொடங்குங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வழங்கும் இரும்புச்சத்து மருந்தை வாரம் இருமுறை தவறாமல் கொடுங்கள். அறுவை நாள் வந்த பின் இரத்தச் சோகை காரணமாகத் திருப்பி அனுப்பப்படுவதை இதனால் தவிர்க்கலாம்.

சளி, காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் மறைக்காமல் கூறுங்கள். சில வாரங்கள் தள்ளிச் செய்வது குழந்தையின் பாதுகாப்புக்காகவே. அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

மயக்க மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரத்திற்கு முன்பும், பசும்பால், புட்டிப்பால் 6 மணி நேரத்திற்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தப்படும். குழந்தை அழுகிறதே என இரக்கப்பட்டு யாரும் அறியாமல் பால் கொடுத்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறுவைச் சிகிச்சையில் என்ன செய்யப்படுகிறது?

உதட்டுப் பிளவில் தோல் மட்டுமன்றி, வாயைச் சுற்றி வளையமாக இருக்கும் தசையும் அறுபட்டு, மூக்கின் அடியில் தவறான இடத்தில் ஒட்டியிருக்கும். மருத்துவர் அத்தசையை விடுவித்து, இருபுறத்தையும் இணைத்து, அதன்மேல் தோலையும் உள்ளே சளிப்படலத்தையும் தைக்கிறார். இரண்டு ஓரங்களை நேராக இழுத்துத் தைத்தால் உதடு சுருங்கி மேலேறிவிடும். எனவே ஒரு பக்கத்துத் தோலைக் கீழ்நோக்கிச் சுழற்றி, மறுபக்கத்துத் தோலை முன்னோக்கி நகர்த்தி இணைக்கும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. இது அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் மில்லார்டு 1950களில் வகுத்த முறை. அறுவை 1 முதல் 2 மணி நேரம் நீடிக்கலாம்.

அண்ணப் பிளவு அறுவையில் துளையை மூடுவது பாதிப் பணியே. மெல்லண்ணத்தின் தசைகள் குறுக்காக இணைந்திராமல், முன்பக்க எலும்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்துப் பின்னோக்கித் திருப்பி நடுவில் இணைத்தால்தான், பேசும்போது மெல்லண்ணம் உயர்ந்து மூக்குப் பாதையை அடைக்கும். இந்த அசைவு கிடைத்தால்தான் பேச்சு தெளிவாகும்.

உதடு மூடியவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை

பெற்றோர் மிகவும் கவனத்தில் கொள்ள வேண்டிய பகுதி இது. உதட்டு அறுவைக்குப் பின் குழந்தையின் முகம் அழகாகிவிடுகிறது. உறவினரின் கேள்விகளும் நின்றுவிடுகின்றன. வாய்க்குள் இருக்கும் அண்ணப் பிளவு பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனால் சில குடும்பங்கள் இரண்டாவது அறுவைக்கு வருவதில்லை. பள்ளியில் சேர்க்கும் வயதில், ‘பேச்சு புரியவில்லை’ என்று மீண்டும் வருகின்றனர்.

குழந்தை முதற்சொற்களைப் பேசத் தொடங்கும் காலத்தில் அண்ணம் திறந்திருந்தால், ப, த, ட, க, ச ஆகிய ஒலிகளுக்குத் தேவையான காற்றழுத்தம் வாயில் தங்காது. மூக்கு வழியே வெளியேறிவிடும். ‘பாப்பா’ என்பது ‘மாம்மா’ போல ஒலிக்கும். சில குழந்தைகள் இதை ஈடுசெய்யத் தொண்டையிலேயே ஒலியெழுப்பப் பழகிவிடும். அப்பழக்கம் வேரூன்றிய பின் அண்ணத்தை மூடினாலும் பேச்சு தானாகத் திருந்தாது. நீண்ட பயிற்சி தேவைப்படும். 5 வயதிலும் அதற்குப் பின்னரும் அறுவை செய்ய இயலும், செய்யவும் வேண்டும். ஆனால் 18 மாதத்திற்குள் செய்வதால் கிடைக்கும் பயனை அது முழுமையாகத் தராது.

வீட்டில் செய்ய வேண்டிய பராமரிப்பு

- கைகளை மடக்கித் தையலைத் தொடாதபடி, முழங்கைகளில் மருத்துவமனையில் தரும் பட்டையைக் கூறப்பட்ட நாட்கள் வரை அணிவியுங்கள்.
- உதட்டுத் தையலைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பரிந்துரைத்த களிம்பை மட்டும் தடவுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைப் புண்ணில் இட வேண்டாம்.
- உதட்டுத் தையல் பொதுவாக 5 முதல் 7 நாட்களில் பிரிக்கப்படும். தானே கரையும் நூலாக இருந்தால் பிரிக்கத் தேவையில்லை.
- அண்ண அறுவைக்குப் பின் 2 முதல் 3 வாரங்கள் பால், கஞ்சித் தண்ணீர், வடிகட்டிய கூழ் போன்ற நீராகாரமே தர வேண்டும். சங்கின் நுனியோ கரண்டியோ அண்ணத்தில் படாமல் புகட்டுங்கள். முறுக்கு, பிஸ்கட், பென்சில், குச்சி போன்றவை வாய்க்குச் செல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
- ஒவ்வொரு முறையும் உணவுக்குப் பின் சிறிது தண்ணீர் கொடுத்து வாயைச் சுத்தமாக்குங்கள்.
- தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்துக் காணப்படும். மருத்துவர் கூறிய பின் விரலால் மெல்ல நீவிவிடுங்கள். தழும்பு மென்மையாக ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

பின்வருவன தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்: வாயிலிருந்து புதிய இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையல் பிரிதல், துர்நாற்றமுள்ள சீழ், பால் குடிக்க மறுத்தல், 6 மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழிக்காமை. அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

அண்ண அறுவைக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சிறு துளை மீதமிருக்கலாம். அதைத் தனியாக மூட இயலும். மனம் தளர வேண்டாம்.

காது, பேச்சு, பல்

அண்ணப் பிளவுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்கிறது. வலியே இல்லாமல் செவித்திறன் குறையும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பிடிவாதம் பிடிக்கிறது எனக் கருதிவிடக் கூடாது. 6 மாதத்திற்கு ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தப்படும்.

2 வயது முதல் பெற்றோர் வீட்டிலேயே எளிய சோதனை செய்யலாம். குழந்தையின் மூக்கின் கீழ் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் பிடித்து, ‘பா, பா’, ‘தாத்தா’, ‘பாட்டி’ எனச் சொல்லச் செய்யுங்கள். இச்சொற்களில் மூக்கொலி இல்லாததால் கண்ணாடி தெளிவாகவே இருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் பனி படிந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

முதற்பல் முளைத்ததிலிருந்தே பல் துலக்கிவிடுங்கள். பிளவின் அருகிலுள்ள பற்கள் எளிதில் சொத்தையாகும். அவை இழக்கப்பட்டால் பிற்காலப் பல் சீரமைப்பு கடினமாகும்.

அன்னூர் வட்டாரத்தினர் எங்கே அணுகலாம்?

முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அன்னூர் அரசு மருத்துவமனையில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அதில் இடம்பெற்ற குறைபாடுகள். இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருகை தருகின்றன. குறைபாடு கண்டறியப்படும் குழந்தை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படும். நூற்பாலைகளிலும் செங்கற்சூளைகளிலும் பணிபுரியும் வெளிமாநிலத் தொழிலாளரின் குழந்தைகளையும் தயக்கமின்றிக் காட்டலாம்.

அன்னூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைத் துறையை, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவை, பரிந்துரைச் சீட்டுடன் அணுகலாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற வாய்ப்புண்டு. விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணையும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம். 1999இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெய்ன் போன்ற தொண்டு அமைப்புகளும் இந்திய மருத்துவமனைகள் பலவற்றின் வழியாக இந்த அறுவைச் சிகிச்சைகளுக்கு உதவுகின்றன. கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ முடிவெடுக்கும் முன் இவ்வழிகளைக் கேட்டறியுங்கள்.

செல்லும்போது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, முந்தைய சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

பெற்றோர் அடிக்கடி கேட்கும் வினாக்கள்

*அடுத்த குழந்தைக்கும் வருமா?*
பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாமல், ஒரு குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100இல் 4. அதாவது 100இல் 96 குழந்தைகள் பிளவின்றிப் பிறக்கும். கீழுதட்டில் சிறு குழிகள் இருந்தால் இவ்வாய்ப்பு மிக அதிகமாகலாம். மரபியல் ஆலோசனை பெறுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமில மாத்திரையின் அளவு குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் மாற்றித் தருவார்.

*மூத்த பிள்ளைக்கு 12 வயதாகிறது, அறுவை செய்யவே இல்லை. இனி பயனுண்டா?*
உண்டு. உதடு, மூக்கின் தோற்றத்தையும் உண்ணும் வசதியையும் எந்த வயதிலும் மேம்படுத்தலாம். பேச்சில் கிடைக்கும் முன்னேற்றம் பயிற்சியைப் பொறுத்தது.

*படிப்பு பாதிக்கப்படுமா?*
வேறு குறைபாடுகள் இல்லாத குழந்தைக்கு அறிவுத்திறன் குறைவதில்லை. காது கேளாமையும் கேலியுமே படிப்பைப் பாதிக்கின்றன. ‘மூளி’ போன்ற சொற்களால் யாரும் அழைக்காதபடி வீட்டிலிருந்தே தொடங்குங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, குழந்தையை முன்வரிசையில் அமரச் செய்யுங்கள்.

*கூலி வேலையை விட்டு அடிக்கடி வர இயலவில்லையே?*
பேச்சு, காது, பல் பரிசோதனைகளை ஒரே நாளில் அமைத்துத் தரும்படி மருத்துவமனையில் கேளுங்கள். வர இயலாத நாளை முன்கூட்டியே தெரிவித்து மாற்றுத் தேதி பெறுங்கள். ஒருமுறை தவறியதற்காகத் தயங்கி, வராமலே இருந்துவிட வேண்டாம்.

நினைவில் கொள்க

பிறந்த முதல் நாளிலேயே பதிவு. முதல் மூன்று மாதங்கள் எடை. ஆறு மாதத்திற்குள் உதடு. ஒன்றரை வயதிற்குள் அண்ணம். அதன்பின் காதும் பேச்சும் பல்லும். இவ்வரிசையைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலோ ஊரிலோ பிளவுடன் ஒரு குழந்தை பிறந்ததாக அறிந்தால், அந்தத் தாயிடம் இச்செய்தியைக் கொண்டு சேருங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கானவை. உங்கள் குழந்தைக்குரிய சிகிச்சையையும் அதற்கான காலத்தையும் நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்வார்.